இர்மா அப்பீலில் வீட்டுக் கதை வேண்டாம்

நியூஜெர்சியிலிருந்து ஒரு வாசகர், வயது 68, எழுதியிருக்கிறார். 1998-ல் தாம்பரத்தில் வாங்கிப்போட்ட வீட்டில் தம்பியைக் குடிவைத்திருந்தார். காலி செய்யத் தம்பி பணம் கேட்டு இழுத்தடித்து, ஒருவழியாக 2023-ல் விற்றார். கணவன் மனைவி சேர்த்துப் போட்ட அந்த வருட வரிக் கணக்கில் (ஜாயின்ட் ரிட்டர்ன்) வருமானம் 2,90,000 டாலர். அதை வைத்து 2025-க்கு, முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் பார்ட் பி (டாக்டர் செலவு), பார்ட் டி (மருந்து) இரண்டிலும், வருமானம் அதிகமானவர்களிடம் வாங்கும் கூடுதல் கட்டணம், அதாவது இர்மா, போட்டிருக்கிறார்கள். "இந்தியாவில் வரி கட்டியாயிற்று, என் மருந்து ப்ளானுக்குப் பிரீமியமே பூஜ்யம், பிறகு எதற்கு இது? அப்பீல் போடுகிறேன், முடியும்வரை ஒரு டாலர் கட்டமாட்டேன்" என்கிறார்.

சார், தம்பியை விடுங்கள். மூன்று பக்கக் கடிதத்தில் எனக்கு வேண்டியது அரை வரிதான்: "மனைவியும் 2024 ஜூனில் வேலையை விட்டுவிட்டாள்." உங்கள் கேஸ் மொத்தமும் அதில்தான் இருக்கிறது, அதைப் போய்க் கடைசிப் பக்கத்தில் ஒளித்துவைத்திருக்கிறீர்கள்.

வீடு விற்ற லாபம் ஒரே ஒரு தடவை வந்தது, இனி வராது என்ற வாதம் செல்லாது. இர்மாவை முடிவுசெய்யும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் ஏற்கும் காரணங்கள் எண்ணி எட்டு: கல்யாணம், விவாகரத்து, துணையின் மரணம், வேலை நின்றது, வேலை நேரம் குறைந்தது, இப்படிப் போகும். அதில் 'வருமானம் தரும் சொத்தை இழத்தல்' என்று ஒன்று உண்டு. வீடு விற்றவர்கள் எல்லாரும் ஆசையாக அந்தக் கட்டத்தில்தான் டிக் போடுகிறார்கள். அது புயல், தீ, மோசடி மாதிரி உங்கள் கையை மீறிப் போன சொத்துக்கு. நீங்களாக விற்றதற்கு இல்லை. இந்தியாவில் கட்டிய வரி, கிரெடிட்டாக இங்குள்ள வரியைக் குறைக்கும், வருமானத்தைக் குறைக்காது. இர்மா பார்ப்பது வருமானத்தை.

மனைவி வேலையை விட்டது அந்த எட்டில் ஒன்று. அவர் சம்பளம் 70,000 என்று எழுதியிருக்கிறீர்கள். 2,90,000-ல் அதை மட்டும் கழித்தாலே ஒரு படி கீழே வந்துவிடுகிறீர்கள், 2025-க்கான பார்ட் டி இர்மாவில் தலைக்கு மாதம் 35.30 டாலர் 13.70 ஆகிறது. அதோடு, காரணம் ஏற்கப்பட்டால் அவர்கள் பிந்தைய வருடத்தின் வருமானத்தைத்தான் எடுப்பார்கள், அதில் தாம்பரம் வீடே இல்லை. 2025-க்கான வரம்பு 2,12,000, அதற்குள் இருந்தால் அந்த வருட இர்மாவே கிடையாது. இர்மாவைக் குறைக்கக் கேட்கும் எஸ்.எஸ்.ஏ-44 படிவம், வேலை நின்ற தேதியோடு கம்பெனிக் கடிதம், 2024 ரிட்டர்ன், அவ்வளவுதான். இன்னும் ரிட்டர்ன் போடவில்லையென்றால் உத்தேசத் தொகையைக் கூட்டியே எழுதுங்கள், குறைத்து எழுதினால் பின்னால் வரித்துறையான ஐ.ஆர்.எஸ். கணக்கு வந்ததும் பாக்கியைக் கேட்பார்கள்.

இனிதான் எனக்குப் பயமே. "கட்டமாட்டேன்" என்கிறீர்களே, அது. நீங்கள் 70 வயதில் வாங்கலாம் என்று சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்தைத் தள்ளிப்போட்டிருப்பதால் பிடித்தம் செய்ய அவர்களிடம் உங்கள் பணம் இல்லை, பில் வீட்டுக்கு வருகிறது. பார்ட் டி இர்மா ப்ளான்காரருக்குப் போகும் பணமே இல்லை, அரசாங்கத்துக்குப் போவது. ப்ளான் பிரீமியம் பூஜ்யம் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. கட்டாமல் மூன்று மாத அவகாசமும் போனால் ப்ளானிலிருந்து எடுத்துவிடுவார்கள். உங்களுடையது மருந்தும் சேர்ந்த மெடிகேர் அட்வான்டேஜ், அதாவது தனியார் கம்பெனி நடத்தும் மெடிகேர் ப்ளான், அதனால் மருந்து மட்டும் இல்லை, ப்ளான் முழுதாகப் போகும். அப்பீல் நடக்கிறது என்பதால் கட்ட வேண்டிய தேதி நிற்காது.

என்னிடம் வந்த ஒருவர் இப்படித்தான் வீம்பாக இருந்தார். பில்களை ஒரு ரப்பர் பேண்ட் போட்டு டிராயரில் வைத்திருந்தார், ஒரு கவரைக்கூடப் பிரிக்கவில்லை. விஷயம் தெரிந்ததே பார்மசி கவுன்டரில். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை வாங்கப் போனவரிடம், கார்டு வேலை செய்யவில்லை, முழு விலை கொடுக்கிறீர்களா என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். திரும்பச் சேர அக்டோபர் 15 வரை காத்திருந்தார், கவரேஜ் வந்தது ஜனவரியில். 63 நாளுக்கு மேல் மருந்துக் கவரேஜ் இல்லாமல் இருந்ததால் மாதத்துக்கு ஒரு சதவீதம் வீதம் அபராதம், பார்ட் டி இருக்கும்வரை தொடரும். அவர் தகராறு செய்த தொகை அப்போது மாதம் 13 டாலருக்கும் குறைவு. தகுந்த காரணம் காட்டி மறுபடி சேர்க்கச் சொல்லலாம்தான், ஆனால் ஆஸ்பத்திரியில் கிடந்தேன் என்றால் கேட்பார்கள், கோபத்தில் கட்டவில்லை என்றால் கேட்கமாட்டார்கள்.

ஆகவே இன்றே இருவர் பில்லையும் கட்டுங்கள், ஜெயித்தால் திரும்ப வரும். எஸ்.எஸ்.ஏ-44 நிராகரிக்கப்பட்டால் மேலே போகாதீர்கள். 2026-க்கு 2024 ரிட்டர்னைத்தான் பார்ப்பார்கள், தானாகவே இறங்கிவிடும். ஒரு வருட இர்மாவுக்காக நீதிபதி வரை போக, அப்பீல் வேலை பார்க்கும் என்னைப் போன்றவர்களுக்குக் கொடுப்பது வீண்செலவு.

இன்னொன்று, படிவம் ஆளுக்கு ஒன்று. உங்கள் படிவத்தில் மனைவி பெயரைச் சேர்த்து எழுதி அனுப்பினால் அவருடைய இர்மா அப்படியே நிற்கும். அவர் படிவத்தில் அவரே கையெழுத்துப் போட வேண்டும்.