முதல் கிராண்ட் பிரி 1906-ஆ, 1950-ஆ?

வணக்கம் நண்பரே. முதல் கிராண்ட் பிரி கார் பந்தயம் நடந்தது 1906 என்று மகள் கட்டுரையில் எழுத, ஆசிரியர் அதை 1950 என்று திருத்திவிட்டார், எது சரி என்று கேட்டிருந்தீர்கள். மகள் எழுதியதுதான் சரி. 1950 மே 13-ல் சில்வர்ஸ்டோனில் தொடங்கியது ஃபார்முலா 1 உலக சாம்பியன்ஷிப். கிராண்ட் பிரி அதைவிட 44 வருடம் மூத்தது.

கிராண்ட் பிரிக்கு முன் இருந்த, நாடுகள் மோதும் கார்டன் பென்னட் கோப்பைப் பந்தயத்தில் ஒரு நாட்டுக்கு மூன்று கார்தான். ஏகப்பட்ட கார் கம்பெனிகள் வைத்திருந்த பிரான்சுக்கு அது பொறுக்கவில்லை. 1906 ஜூன் 26, 27-ல் பிரான்சின் லெ மான் நகர் அருகே பிரெஞ்சு ஆட்டோமொபைல் கிளப் சொந்தமாகவே பந்தயம் வைத்தது. சுற்று ஒன்றுக்கு 103 கி.மீ., மொத்தம் 12 சுற்று. வெயிலில் சாலைத் தார் உருகி ஓட்டுநர்களின் கண்ணில் தெறித்தது. டயர் போனால் ஓட்டுநரும் கூட வரும் மெக்கானிக்கும் மட்டுமே மாற்றலாம். கத்தியால் ரப்பரை அறுத்தெடுத்துப் புதிது மாட்டக் கால் மணி நேரம் போய்விடும். ரெனோ கம்பெனி காரை ஓட்டிய ஹங்கேரியர் ஃபெரன்ஸ் சிஸின் சக்கரங்களில் மிஷலின் டயர் கம்பெனியின் கழற்றும் ரிம் (டயர் மாட்டும் வெளி வளையம்) இருந்தது. ரிம்மோடு டயரை மாற்றிச் சில நிமிடத்திலேயே கிளம்பலாம். அரை மணிக்கும் மேல் முந்தி ஜெயித்தார்.

எனக்கு மிகப் பிடித்த இடமே அதுதான். இந்த ரிம் விஷயத்தையும் கட்டுரையில் சேர்க்கச் சொல்லுங்கள்.