மூன்றாவது வாரத்தில் அழுகிற மகன்: ஒரு தாய்க்கு எழுதிய பதில்

அம்மா, வணக்கம்.

ராணுவத்தில் அக்னிவீரராகச் சேர்ந்து நீலகிரி வெலிங்டனில் பயிற்சி எடுக்கும் உங்கள் மகன் தம்பி போன ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து போனில் பேசியதையும், "என்னைக் கூட்டிட்டுப் போயிடும்மா" என்று அழுததையும் எழுதியிருந்தீர்கள். அவனைத் திரும்ப அழைத்துக்கொள்ள வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்: இப்போது வேண்டாம். ஆனால் அவன் சொன்ன ஒரு விஷயத்தை உடனே கவனிக்க வேண்டும். கடிதத்தின் நடுவில் கால் வலி என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்களே, அதைத்தான் சொல்கிறேன்.

அழுகையைப் பற்றி முதலில் பேசுவோம். ராணுவத்துக்குப் போன என் மாணவர்களில் பலர் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் இதே வார்த்தைகளைத்தான் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். முதல் வாரம் முடி வெட்டுவது, உடுப்பு வாங்குவது, பெட்டி அடுக்குவது என்று ஓடிவிடும். அதன் பிறகுதான் உடம்புக்கும் மனசுக்கும் விஷயம் புரிகிறது. உங்கள் ஊர் மைதானத்தில் தம்பிதான் வேகமான பையன். ஆள்சேர்ப்பு முகாமில் 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 வினாடிக்குள் ஓடி முழு 60 மதிப்பெண் வாங்கியவன். இப்போது பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவனும் அப்படி ஓடி வந்தவன்தான். ஊரில் முதலாவதாக இருந்த பையன் அங்கே கூட்டத்தில் ஒருவன் ஆகிவிடுகிறான். உடல் வலியைவிட இது அதிகமாகத் தைக்கும், போனில் இதைச் சொல்லவும் தெரியாது.

இன்னொன்று மொழி. கட்டளைகள் எல்லாம் இந்தியில். சாவ்தான், விஷ்ராம், பீச்சே முட், தேஜ் சல், தம். அர்த்தம் புரிவதற்குள் மற்றவர்கள் திரும்பிவிடுவார்கள், இவன் மட்டும் எதிர்ப்பக்கம் நிற்பான், உஸ்தாத் சத்தம் போடுவார். உஸ்தாத் என்றால் பயிற்சி கொடுப்பவர். சில வாரங்களில் காதுக்கு முன்னால் கால் திரும்பப் பழகிவிடும். மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையம் என்பதால் தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் பேசும் பையன்கள் சுற்றிலும் இருப்பார்கள். அந்த ரெஜிமெண்டில் சிப்பாயைக் கூப்பிடும் சொல்லே 'தம்பி' என்பதுதான். உங்கள் வீட்டில் அவனைக் கூப்பிடுகிற அதே சொல்!

குளிரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறாயிரம் அடி உயரத்தில் விடிவதற்கு முன் எழுந்து, முகம் மழித்து, கட்டில் விரிப்பைச் சுருக்கம் இல்லாமல் மடித்து, பி.டி. என்கிற உடற்பயிற்சிக்கு வரிசையில் போய் நிற்க வேண்டும். சமவெளியிலிருந்து போன பிள்ளைக்கு இது சிரமம்தான்.

சரி, கால் வலிக்கு வருகிறேன். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில், முன்பக்க எலும்பில் வலி என்று சொன்னானா? பழக்கமில்லாத அளவுக்கு பூட்ஸோடு ஓடவும் டிரில் செய்யவும் தொடங்கும்போது எலும்பு அந்த அதிர்ச்சிக்கு ஈடுகொடுக்க நாள் எடுத்துக்கொள்ளும். அதற்குள் பளு கூடிவிட்டால் மயிரிழை போல விரிசல் விழும். ஸ்ட்ரெஸ் பிராக்சர் என்பார்கள். உலகம் முழுக்க ராணுவப் பயிற்சியில் இது அடிக்கடி வருகிறது. ஆரம்பத்திலேயே காட்டினால் பெரும்பாலும் ஓய்விலேயே ஆறிவிடும். மறைத்துக்கொண்டு ஓடினால் எலும்பு முழுதாக முறியலாம்.

பையன்கள் ஏன் மறைக்கிறார்கள் தெரியுமா? எம்.ஐ. ரூமுக்கு, அதாவது மையத்தின் மருத்துவப் பரிசோதனை அறைக்குப் போனால் பயிற்சி விட்டுப்போகும், அதிகமாக விட்டுப்போனால் அடுத்த பேட்ச்சோடு சேர்த்துவிடுவார்கள். ரெலிகேட் ஆகிவிட்டேன் என்று ஊரில் சொல்ல வெட்கம். என் மாணவன் ஒருவன் இப்படித்தான் வலி மாத்திரை போட்டுக்கொண்டே ஓடினான். கடைசியில் மாதக்கணக்கில் படுக்க வேண்டியதாகிவிட்டது. அவனுடைய அப்பா என்னிடம், "பேட்ச் போனா போகுது, காலைக் காட்டுன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கேட்டிருப்பான் சார்" என்றார். அந்த வார்த்தையை நீங்கள் சொல்லுங்கள். ஒரு பேட்ச் பின்னால் போவது தோல்வி இல்லை, அவனுக்கு வேலை போகாது. நீங்கள் சொன்னால்தான் நம்புவான்.

கண்டிப்பையும் கொடுமையையும் பிரித்துப் பாருங்கள். சத்தம் போடுவது, கூடுதலாக ஒரு சுற்று ஓடவைப்பது எல்லாம் பயிற்சியில் உண்டு. அடித்து காயப்படுத்துவது, பணம் கேட்பது, சாதியையோ மதத்தையோ சொல்லி அவமானப்படுத்துவது பயிற்சி ஆகாது. அப்படி ஏதாவது சொன்னால் பொறுத்துக்கொள் என்று சொல்லாதீர்கள். அவன் கம்பெனி கமாண்டரைப் பார்த்துச் சொல்லலாம், நீங்களும் மையத்தின் கமாண்டன்ட்டுக்கு எழுதலாம். பல நாளாகத் தூக்கமே இல்லை, உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்ற மாதிரி பேசினால் அடுத்த ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே மையத்தைத் தொடர்புகொள்ளுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் நீங்களும் ஆலோசனை கேட்கலாம்.

அழைத்து வருவது பற்றி ஒரு எச்சரிக்கை. பதிவான நாளிலிருந்தே 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டம் அவனுக்குப் பொருந்தும். அனுமதி இல்லாமல் கிளம்பி வந்தால் அது குற்றம். மாமாவை அனுப்பிக் கூட்டிவரலாம் என்று சொந்தக்காரர்கள் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அக்னிவீரராக எடுப்பது நான்கு ஆண்டுப் பணிக்கு. அது முடிவதற்கு முன்பே சொந்த விருப்பத்தில் விலகுவதற்கு விதிவிலக்கான காரணமும் அதிகாரியின் ஒப்புதலும் வேண்டும். அப்படி விலகினால், சம்பளத்தில் பிடிக்கும் பணத்தோடு அரசும் தன் பங்கைப் போடும் சேவா நிதியில் அவன் கட்டிய பணம் வட்டியோடு கிடைக்கும், அரசின் பங்கு கிடைக்காது.

பண விஷயம் உங்களுக்கே தெரிந்திருக்கும். முதல் ஆண்டு 30,000 ரூபாய் மாதச் சம்பளத்தில் 21,000 கைக்கு வரும், 9,000 நிதிக்குப் போகும். நான்கு ஆண்டு முடிவில் சுமார் 10 லட்சத்து 4 ஆயிரமும் வட்டியும். அதிகபட்சம் நூற்றுக்கு 25 பேரைத்தான் நிரந்தரமாக எடுப்பார்கள் என்பதால் அப்புறம் படிக்க என்ன செய்வது என்பதை அவன் லீவில் வரும்போது மூவரும் உட்கார்ந்து பேசுவோம். இப்போது அதை அவன் தலையில் ஏற்ற வேண்டாம்.

அவனுக்கு முன்னால் இருப்பதைக் கொஞ்சம் சொல்லுங்கள். முதல் பத்து வாரம் அடிப்படைப் பயிற்சி. இந்த நாட்கள் இப்படி இருக்கக் காரணமே அதுதான். அடுத்து ஆயுதப் பயிற்சி கூடும். ரைஃபிளைப் பிரித்து மாட்டுவதும் ஃபயரிங்கும் வந்துவிட்டால் பையன்களின் குரலே மாறிவிடுவதை நான் போனில் கேட்டிருக்கிறேன். கடைசியில் கசம் பரேட், சத்தியப் பிரமாணம். அதற்கு நீங்கள் போகலாம். இப்போதே பட்டுப்புடவையை எடுத்து வைத்திருப்பதாக அவனிடம் சொல்லுங்கள்.

வரும் ஞாயிறு கிடைக்கப்போவது சில நிமிடங்கள்தான். நீங்கள் அழுதுவிட்டால் அவனும் அழுவான், நேரம் அதிலேயே போய்விடும். முதல் கேள்வியாக, "காலில் விரலை வைத்து அழுத்தினால் ஒரே இடத்தில் குத்துகிறதா, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் திங்கட்கிழமை காலையிலேயே எம்.ஐ. ரூமுக்குப் போகச் சொல்லுங்கள். மீதி நேரத்தில் வீட்டுக் கதை பேசுங்கள், மாடு கன்று போட்டதைச் சொல்லுங்கள். பேசி முடித்ததும், கால் பற்றி என்ன சொன்னான் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.