டெக்கின் கீழே குனிந்து பாருங்கள்: தச்சரிடம் கேட்டவை

ரொறன்ரோவிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் இருபது வருடங்களுக்கு மேலாக டெக் கட்டியும் திருத்தியும் வருகிறேன். பனி கரைந்து ஏப்ரல் வந்ததும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் டெக் ஞாபகம் வரும். இந்த முறை கேள்விகளைச் சேர்த்து அனுப்பச் சொன்னேன். வந்தவற்றுக்குப் பதில் இதோ. ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு வரி: டெக் என்பது வீட்டின் பின்கதவைத் திறந்ததும் கால் வைக்கும் மரத்தளம். நம் திண்ணையும் முற்றமும் சேர்ந்தது போல, ஆனால் வருடத்தில் பாதி நாள் ஈரத்திலும் பனியிலும் கிடப்பது.

ஸ்காபரோவிலிருந்து ஒரு தம்பி: போன வருடம் வீடு வாங்கினோம். டெக் பார்க்க வடிவாக இருக்கிறது. எதையாவது சோதிக்க வேண்டுமா அண்ணை?

வடிவாக இருப்பது மேல்பலகை தம்பி. அதை மாற்ற ஒரு சனிக்கிழமை போதும். பயப்பட வேண்டியது கீழே இருக்கிறது. பழைய உடுப்பைப் போட்டுக்கொண்டு, ஒரு டோர்ச்சும் ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு கீழே நுழையுங்கள்.

முதலில் வீட்டுச் சுவரோடு டெக்கைப் பிணைக்கும் நீளப் பலகையைப் பாருங்கள். லெஜர் என்போம். டெக்கின் ஒரு பக்கத்துப் பாரம் முழுவதும் அதில்தான் தொங்குகிறது. இடிந்து விழும் டெக்குகளில் பெரும்பாலும் கழன்றிருப்பது இந்த இணைப்புத்தான். அது தடித்த போல்ட்டுகளால் பூட்டப்பட்டிருக்க வேண்டும். வெறும் ஆணி மட்டும் தெரிந்தால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள். அதற்கு மேலே தண்ணீரை வெளியே தள்ளும் தகடு இருக்கிறதா என்றும் பாருங்கள். தகடு இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் பலகைக்கும் சுவருக்கும் இடையே இறங்கி, டெக்கோடு வீட்டு மரத்தையும் உக்க வைக்கும்.

இன்னொன்று. இங்கே பெரும்பாலான புது வீடுகளில் தெரியும் செங்கல் ஒரு சட்டை மாதிரி. உள்ளே பாரம் தாங்குவது மரச்சட்டம். அந்தச் செங்கலில் லெஜரைப் பூட்டியிருந்தால் அது பிழையான வேலை. அப்படியான வீட்டில் டெக் தன் சொந்தத் தூண்களில் தனியே நிற்பதுதான் சரி.

அப்புறம் ஸ்க்ரூடிரைவர் முனையால் குறுக்கு மரங்களையும் தூண்களின் அடியையும் குத்திப் பாருங்கள். நல்ல மரம் முனையை உள்ளே விடாது. கேக்கில் குத்தியது போல இறங்கினால் அது உக்கிவிட்டது. 2015இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு மாடி பால்கனி உடைந்து ஆறு இளைஞர்கள் இறந்தார்கள். உள்ளே தண்ணீர் தேங்கி மரம் உக்கிப்போயிருந்தது. உள்ளே உக்கியதை வெளியே நின்று பார்த்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது.

அதே தம்பி: ஒரு மூலை மட்டும் கொஞ்சம் உயர்ந்த மாதிரி இருக்கிறது. என் கண்ணின் பிழையா, உண்மையா?

உண்மையாகத்தான் இருக்கும். ரொறன்ரோப் பகுதியில் நிலம் உறைவதைக் கணக்கிட்டு அத்திவாரம் 4 அடிக்குக் கீழே போக வேண்டும். மேலோட்டமாக வைத்த சீமெந்தை உறைந்த மண் கிளப்பிவிடும். கோடையில் அது பழைய இடத்துக்குத் திரும்பாது. மூலையைத் தோண்ட முதல் ஒன்ராறியோ வன் கோல் என்ற சேவைக்கு அறிவியுங்கள். நிலத்தடியில் காஸ், மின்சாரக் கம்பிகள் எங்கே ஓடுகின்றன என்று இலவசமாக வந்து குறித்துவிட்டுப் போவார்கள். சட்டப்படியும் அது கட்டாயம்.

மார்க்கத்திலிருந்து ஒரு தங்கச்சி: மூன்று வருடத்துக்கு முன் நல்ல விலை கொடுத்து டெக்குக்குப் பெயின்ட் அடித்தோம். இப்போது செதில் செதிலாக உரிகிறது. மறுபடி அடிக்கலாமா?

அடிக்கலாம், மறுபடி உரியும். பெயின்ட் மரத்தின் மேலே ஒரு தோலாக நிற்கிறது. அடியிலிருந்து ஈரம் ஏறும், வெயில் சுடும், உறைபனி பிளக்கும். தோல் கழலத்தான் செய்யும். மரத்துக்குள் ஊறும் ஸ்டெயின்தான் இந்த நாட்டுக்குத் தோதானது. அது உரியாது, மங்கும். மங்கினால் கழுவி, காயவைத்து, மேலே ஒரு தரம் பூசினால் சரி. உங்களுக்கு இப்போது வேறு வழியில்லை, உள்ள பெயின்டை முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டும். சலிப்பான வேலை. நான் செய்தால் கூலி கூடத்தான் கேட்பேன்.

எப்போது பூசுவது என்பதற்குச் சின்னச் சோதனை: பலகையில் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்து முத்தாக நின்றால் இந்த வருடம் விட்டுவிடலாம். சில நிமிடத்தில் உறிஞ்சினால் மரம் ஸ்டெயினுக்குத் தயார். புதிதாகக் கட்டிய பிரெஷர் ட்ரீட்டட் மரம், அதாவது உக்காமல் மருந்து ஏற்றிய மரம், கடையிலிருந்து ஈரமாகவே வரும். அதனால் உடனே பூசாமல், இந்தச் சோதனையில் தேறும் வரைக்கும் பொறுங்கள். நேரடி வெயிலில் பூசாதீர்கள், முன்னும் பின்னும் ஒரு நாளாவது மழை இல்லாமல் பாருங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். எண்ணெய் கலந்த ஸ்டெயின் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும், சுருட்டிய துணிக்குள் அது அடைபட்டுத் தானாகவே தீப்பிடிக்கும். என் தொடக்க காலத்தில் ஒரு வாளிக்குள்ளிருந்து புகை வந்ததைக் கண்ணால் கண்டேன். நல்ல காலம், வாளி வெளியே இருந்தது. துணியை விரித்துக் கொடியில் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிறைத்த தகர டப்பாவில் அமிழ்த்தி மூடுங்கள்.

ஏஜாக்ஸிலிருந்து: பாசி வழுக்குகிறது. இவர் பிரெஷர் வாஷர் வாடகைக்கு எடுத்து வந்துவிட்டார். தடுக்கவா?

தடுங்கள். முழு அழுத்தத்தில் அடித்தால் மென்மரத்தின் நாரையே கிழித்துவிடும், பிறகு பிள்ளைகளின் காலில் சிராய் ஏறும். எடுத்தது எடுத்தாகிவிட்டது என்றால் அகல முனையைப் போட்டு, ஒரு அடி தள்ளிப் பிடித்து, மிகக் குறைந்த அழுத்தத்தில் அலசட்டும். பாசிக்கு உண்மையான மருந்து ஒக்சிஜன் பிளீச்சும் தும்புத்தடியும்தான். சமையலறைக் குளோரின் பிளீச் மரத்தைத் தின்னும். அதை அமோனியாவோடோ, மரத்தை வெளுப்பாக்கும் அமிலத்தோடோ கலந்துவிடாதீர்கள். வரும் வாயு நச்சு.

பிராம்ப்டனிலிருந்து: மகளின் பிறந்தநாளுக்கு 60 பேர் வருகிறார்கள். டெக் 12க்கு 16 அடி. தாங்குமா?

கணக்குப் போடுவோம். ஒழுங்காகக் கட்டிய டெக் சதுர அடிக்கு 40 இறாத்தல் தாங்கும்படி இருக்க வேண்டும். உங்களுடையது 192 சதுர அடி, ஆக 7,680 இறாத்தல். ஆளுக்கு 160 வைத்தால் 60 பேர் 9,600. அதுவும் சும்மா நின்றால். பாட்டுப் போட்டு எல்லோரும் ஒரே தாளத்தில் குதித்தால் கணக்கு வேறு. 2003 ஜூனில் சிகாகோவில் ஒரு விருந்தின்போது மரப் போர்ச் இடிந்து 13 பேர் செத்தார்கள். பாதிப் பேரைப் புல்லில் வையுங்கள், ஆட்டத்தையும் அங்கேயே வையுங்கள்.

ஆட்களை விட எனக்குப் பயம் தண்ணீர்த் தொட்டி. டெக்கில் ஒரு அங்குலத் தண்ணீர் சதுர அடிக்கு 5 இறாத்தலுக்கு மேல். பிள்ளைகளின் காற்றடித்த குளத்தில் 8 அங்குலம் நிரப்பினால் 40 வந்துவிட்டது, பிள்ளைகள் இறங்க முதலே. ஹொட் டப் என்ற சுடுதண்ணீர்த் தொட்டி வைக்க ஆசையென்றால் நிலத்தில் சீமெந்துத் தளம் போட்டு வையுங்கள்.

மிசிசாகாவிலிருந்து ஓர் அம்மா: மீன் பொரித்தால் வீடெல்லாம் மணக்கிறது என்று டெக்கில் காஸ் அடுப்பு வைத்திருக்கிறோம். பிழையா தம்பி?

பிழையில்லை அம்மா, நம் ஆட்களில் பாதிப் பேரின் டெக் இரண்டாவது குசினிதான். ஆனால் அடுப்பைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். நான் சொல்லும் தூரம் 3 மீட்டர். வினைல் என்ற பிளாஸ்டிக் பலகை பொருத்திய சுவர் சூட்டில் மெழுகு போல உருகும். கூரைக்குக் கீழேயும் வேண்டாம். அடுப்பு ஆடாத மேசையில் இருக்கட்டும், சட்டியைப் பாதிக்கு மேல் எண்ணெயால் நிரப்பாதீர்கள், தட்டுமூடியைக் கைக்கெட்ட வையுங்கள். எண்ணெய் பற்றினால் மூடுங்கள், காஸை நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது.

புரொப்பேன் சிலிண்டரை கராஜுக்குள்ளோ பேஸ்மென்டிலோ வைக்க வேண்டாம். கழுத்தில் ஒரு திகதி பொறித்திருக்கும், கனடாவில் அதிலிருந்து 10 வருடம்தான். குழாய் இணைப்பில் சவர்க்காரத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று ஒவ்வொரு வசந்தத்திலும் பாருங்கள். சிந்திய எண்ணெய்க்குச் சோளமாவைத் தூவி இரவு விட்டுக் காலையில் கூட்டுங்கள். மஞ்சள் கறைக்கு வெயில்தான் மருந்து, சில நாளில் தானே வெளுக்கும்.

அதே அம்மா: என் கறிவேப்பிலைச் சாடி நின்ற இடமெல்லாம் கறுப்பு வட்டம்!

சாடிக்கு அடியில் ஈரம் காய வழியில்லை. சின்னக் கட்டைகள் மேல் தூக்கி வையுங்கள், காற்று ஓடட்டும். மே நீண்ட வார இறுதிக்குப் பிறகு வெளியே, செப்டெம்பரில் இரவு 10 பாகைக்குக் கிட்ட இறங்க முதல் உள்ளே. இது டெக்குக்குச் சொன்னதல்ல, கறிவேப்பிலைக்குச் சொன்னது.

விற்பியிலிருந்து: டெக் 5 அடி உயரம், இரண்டு வயது மகன். கைப்பிடி வேலி எப்படி இருக்க வேண்டும்?

ஒன்ராறியோவில் 60 செ.மீ.க்கு மேல் உயர்ந்த டெக்குக்கு வேலி கட்டாயம். உங்கள் டெக்கின் உயரத்துக்கு 90 செ.மீ. வேலி போதும், டெக் 1.8 மீட்டரைத் தாண்டினால் 107. எந்த இடைவெளியிலும் 10 செ.மீ. பந்து நுழையக்கூடாது. ஏணி மாதிரிக் குறுக்குச் சட்டம் வேண்டாம், பையன்கள் அதை அழைப்பிதழாக எடுத்துக்கொள்வார்கள். வேலித் தூணைப் பிடித்து முழுப் பலத்தோடு தள்ளுங்கள். ஆடினால் ஆணியை நம்பாமல் போல்ட் போடுங்கள். வேலியை ஒட்டி உட்காரும் வாங்கையும் வைக்காதீர்கள், இதை எல்லோரும் மறக்கிறார்கள்.

ஸ்காபரோவிலிருந்து ஓர் ஐயா: 90களில் கட்டிய பச்சை நிற மரம். கழற்றி மரக்கறிப் பாத்தி கட்டலாமா?

வேண்டாம் ஐயா. 2003 முடிய வரைக்கும் வீட்டு மரத்துக்கு ஏற்றிய மருந்தில் ஆர்சனிக் இருந்தது. பாத்திக்கு வேண்டாம், விறகாக எரிக்கவே வேண்டாம், அரம் போட்டுத் தேய்ப்பதானால் முகமூடியோடு. மாநகரக் குப்பை நிலையத்தில் கொடுங்கள். புதிய மரத்தில் ஆர்சனிக் இல்லை, ஆனால் அதிலுள்ள செம்பு சாதாரண ஆணியை அரிக்கும். உருக்கிய துத்தநாகத்தில் தோய்த்த ஸ்க்ரூ அல்லது ஸ்டெயின்லெஸ் மட்டும் வாங்குங்கள்.

பிக்கரிங்கிலிருந்து: டெக்கின் கீழே ரக்கூன் குடித்தனம். வலை அடிக்கலாமா?

ஏப்ரல், மேயில் குட்டிகள் இருக்கும். அடைத்தால் தாய் பலகையைக் கிழித்துக்கொண்டு வரும், அல்லது குட்டிகள் உள்ளேயே செத்து நாறும். கோடை நடுவில் குட்டிகள் தாயோடு நடமாடத் தொடங்கியதும், எல்லாம் வெளியேறிவிட்டன என்று உறுதி செய்துகொண்டு கம்பி வலை அடியுங்கள். வலையை மண்ணுக்குள் ஒரு அடி இறக்கி வெளிப்புறமாக மடித்துப் புதைக்க வேண்டும். எச்சம் கிடந்தால் கையுறை போட்டு எடுங்கள், அதில் மனிதருக்கு ஆபத்தான புழு முட்டை இருக்கலாம்.

மார்க்கத்திலிருந்து: பனியை வழிக்க வேண்டுமா, விடலாமா? உப்புப் போடலாமா?

இரண்டடிப் பஞ்சுப் பனிக்குக் கவலை வேண்டாம். கூரையிலிருந்து சரிந்து குவிந்தது, மழை குடித்து இறுகியது, அவற்றைத்தான் வழிக்க வேண்டும். பிளாஸ்டிக் சவளால், பலகையின் நீளவாக்கில் தள்ளுங்கள். இரும்புச் சவள் ஸ்டெயினையும் சேர்த்து வழிக்கும். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த கொம்பசிட் பலகையென்றாலும் கீறும். கல்லுப்பு ஸ்க்ரூவையும் அடியிலுள்ள தகடுகளையும் அரிக்கும், புல்லும் கருகும். மணல் தூவுங்கள், அல்லது கல்சியம் மக்னீசியம் அசிட்டேற் கேட்டு வாங்குங்கள். விலை கூடத்தான்.

டெக்கை விட முக்கியமாக இரண்டு இடம்: பின்கதவு திறக்குமளவு பாதை, தீப்பிடித்தால் அதுவும் வாசல். மற்றது, சுவரிலிருந்து நீட்டும் வெள்ளைக் குழாய்கள், வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸினுடையவை. அவை பனியில் மூடினால் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு வீட்டுக்குள் திரும்பலாம்.

பிராம்ப்டனிலிருந்து: தைப்பொங்கலுக்கு டெக்கில் விறகு மூட்டி பானை வைக்கலாமா?

மரத்தளத்தில் விறகு நெருப்பா? பால் பொங்க முதல் டெக் பொங்கிவிடும். பனியை வழித்து, டிரைவ்வேயில், திறந்த வெளியில் காஸ் அடுப்பை வையுங்கள். குளிருக்கு ஒதுங்கி கராஜுக்குள் போகாதீர்கள், கதவு திறந்திருந்தாலும். விறகுதான் வேண்டுமென்றால் உங்கள் மாநகரத்தில் அனுமதி கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கடைசியாக, ஏஜாக்ஸிலிருந்து: எல்லாம் பயமுறுத்துகிறீர்கள். டெக்கில் நிம்மதியாக இருக்க எந்த மாதம்தான் நல்லது?

செப்டெம்பர் நடுப்பகுதி. நுளம்பு குறைந்திருக்கும், வெயில் சுடாது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருப்பார்கள். பத்து மணிக்குத் தேத்தண்ணியோடு போய் உட்காருங்கள். குளவி மட்டும் கோப்பைக்குள் எட்டிப் பார்க்கும், சீனி குறைவாகப் போடுங்கள்.