பாம்பு இருக்கட்டும், கீரையைப் பாருங்கள்

கேள்வி: மகன் வேலை பார்க்கும் பனியன் கம்பெனி அவனை ஆறு மாதத்துக்குச் சீனாவின் குவாங்சோவுக்கு அனுப்புகிறது. நாங்கள் சுத்த சைவம். பாம்பையும் பல்லியையும் தின்கிற ஊரில் பிள்ளை எதைச் சாப்பிடுவான்? ஒரு பெட்டி நிறையப் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கட்டிக் கொடுத்துவிடலாமா?
– ஒரு தாய், திருப்பூர்

பதில்: வகைக்கொரு பாட்டில் போதும். மிச்ச இடத்தில் அவன் துணிமணி வைத்துக்கொள்ளட்டும்.

குவாங்சோவில் பாம்பு சூப் இருந்தது உண்மைதான். ஆனால் அது காசு கொடுத்துத் தேடிப் போய்க் குடித்த பண்டம். தெரியாமல் யார் தட்டிலும் விழுந்ததில்லை. 2020 பிப்ரவரியில் நிலத்தில் வாழும் காட்டு விலங்குகளைத் தின்னவே சீன அரசு தடை போட்டுவிட்டது. உங்கள் பிள்ளைக்குச் சிக்கல் கீரையில்தான் வரும்.

பச்சைப்பசேல் என்று ஒரு தட்டுக் கீரை வரும். அதன் மேல் பளபளவென்று வழிகிற கறுப்புச் சாறு பெரும்பாலும் ஆய்ஸ்டர் சாஸ். சிப்பிச் சாறு, அம்மா! பீன்ஸ் கேட்டால் ருசிக்காகக் கொத்திய பன்றிக்கறி ஒரு கரண்டி தூவியிருக்கும். 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால், நம் ஊரில் கறியை ஒதுக்கிவிட்டுக் குழம்பை ஊற்றுவார்களே, அந்தக் கதைதான். 'வோ ச்சி சூ', அதாவது 'நான் சைவம்' என்று சொல்லக் கற்றுக்கொள்ளட்டும். 'சூ' என்ற சீன எழுத்தைப் படமாகவும் போனில் வைத்திருக்கட்டும். புத்தர் கோயில்களை ஒட்டிய சைவ உணவகங்களில் அந்த எழுத்து வாசலிலேயே இருக்கும். வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்காத கடைகள் உண்டு. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், கிட்டத்தட்ட நம் அமாவாசை, பௌர்ணமிக் கணக்கு, அங்கே கூட்டம் அதிகம்.

காலையில் கவலையே இல்லை. அரிசி மாவை மெல்லியதாக ஊற்றி, ஆவியில் வேகவைத்து, சுரண்டிச் சுருட்டி, மேலே சோயா சாஸ் விட்டுத் தருவார்கள். உள்ளே ஒன்றும் வைக்காததைக் கேட்டு வாங்க வேண்டும். வெறும் அரிசிக்கஞ்சியும் கிடைக்கும். இட்லி தின்று வளர்ந்தவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? (கோபி மஞ்சூரியனை மட்டும் தேடி அலைய வேண்டாம். மஞ்சூரியன் என்பதே 1975 வாக்கில் மும்பையில் பிறந்த சரக்கு.)

டீக்கடை உட்காரல் அங்கே தனிக் கலை. முதலில் வருகிற சூடான டீயில் கிண்ணத்தையும் குச்சிகளையும் அலசிக் கொட்டுவார்கள். அதை எடுத்துக் குடித்துவிட வேண்டாம். யாராவது கோப்பையை நிரப்பினால், இரண்டு விரலை மடக்கி மேசையில் லேசாகத் தட்டினால் நன்றி சொன்ன மாதிரி. கூஜா காலியானால் மூடியைச் சாய்த்து வைத்தால் போதும், வெந்நீர் வந்துவிடும். மணிக்கணக்கில் உட்காரலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சாயங்காலம் பூங்காவுக்குப் போனால் உங்கள் வயதுப் பெண்கள் பாட்டுப் போட்டு வரிசையாக ஆடிக்கொண்டிருப்பார்கள்.

சந்தையில் காய், பழ விலை பெரும்பாலும் 'ஜின்' கணக்கு, அதாவது அரைக் கிலோ. கிலோ விலை என்று நினைத்து 'அடடா, மலிவு' என்று அள்ளிவிட்டு, பணம் கொடுக்கும்போது முழிப்பவர்கள் உண்டு. கடைக்காரர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் துப்பாக்கி மாதிரி நீட்டினால் அது இரண்டு அல்ல, எட்டு. அப்புறம், இளநீர்க் கடை வரைக்கும் போன் பணம்தான். போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டைக் காட்டி 'அலிபே' என்ற பணம் கட்டும் செயலியில் கார்டை இணைக்க வேண்டும். அந்தக் கார்டு வெளிநாட்டில் செல்லுமா என்று இங்கேயே வங்கியில் கேட்டுக்கொள்ளட்டும்.

நீங்கள் கேட்க மறந்த ஒன்று: அங்கே வாட்ஸ்அப் முடக்கம், அவர்களுடைய வீசாட்டுக்கு இங்கே 2020 ஜூனிலிருந்து தடை. நம்மூர் சிம்மிலேயே ரோமிங் போட்டுக்கொண்டு போனால் வாட்ஸ்அப் பேசும். நமக்கு இரவு எட்டு மணி என்றால் அங்கே பத்தரை. 'சாப்பிட்டாயா' என்று கேட்பதை அதற்குள் கேட்டுவிடுங்கள்.