பழைய ஹொண்டா சிடி 125 மோட்டச்சைக்கிள் கறுப்புப் புகை விடுது, பெற்றோலும் கூடக் குடிக்குது. காபரேற்றரை மாத்தத்தான் வேணுமோ?

மாத்தாதேங்கோ தம்பி. அதை முதல்லயே சொல்லிப்போட்டு மிச்சத்தைச் சொல்லுறன். பெற்றோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பிற சாமான்தான் காபரேற்றர். "இது பழசு, புதுக் காபரேற்றர் ஒண்டு போட்டாச் சரி" எண்டு கராஜில சொன்னதா எழுதியிருக்கிறியள். 2022இல எனக்கும் இதே கதைதான் சொன்னவை. அதுதான் கைவேலையை ஒதுக்கிவைச்சிட்டு இருந்து எழுதுறன்.

என்ரயும் சிடி 125. அப்பா வாங்கினது. தொண்ணூறுகளில யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை இருக்கேக்க அது மண்ணெண்ணெயில ஓடினது. சேலைன் ரியூப் பூட்டின சின்னப் போத்தில்ல கொஞ்சம் பெற்றோல் இருக்கும். காபரேற்றர் வாயில நாலஞ்சு துளி விட்டு உதைச்சு, எஞ்சின் பிடிச்ச உடன மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. கண் எரியும், ஒழுங்கை முழுக்கப் புகை மணக்கும். 1995 இடப்பெயர்வில நாவற்குழிப் பாலத்தால அப்பா அதை உருட்டிக்கொண்டுதான் போனவர், சீற்றில ரெண்டு மூட்டை. இப்பத்தப் பிள்ளையள் இதைப் பகிடிக் கதை மாதிரிக் கேட்கினம். எங்களுக்கு அது பகிடி இல்லை.

2022இல பெற்றோல் தட்டுப்பாட்டில கியூஆர் பங்கீட்டு முறை வந்து மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், லீற்றர் 450 ரூபா எண்டு இருந்த நேரம்தான் இது றிச்சா, அதாவது காத்துக்கு அளவான பெற்றோலிலும் கூடக் குடிச்சு, ஓடத் துடங்கினது. லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடினது 22க்கு இறங்கிப்போச்சு. சுன்னாகத்தில இருந்து ரவுணுக்கு வேலைக்குப் போய்வர ஒரு நாளைக்கு 20 கிலோமீற்றர், ஆறு நாள். 88 கிலோமீற்றரில எந்தக் கணக்குப் பாக்கிறது? வெள்ளிக்கிழமை வந்தா துவிச்சக்கரவண்டிதான்.

கராஜில முதல் எயர் பில்ரரை மாத்தினவை. அது சரி, எங்கட செம்மண் புழுதிக்கு அதுதான் முதல் பாக்க வேண்டியது. குளிரில எஞ்சினைப் பிடிக்கவைக்கக் காத்தை மறைக்கிற சோக் முழுக்கத் திறக்குதோ எண்டு பாத்ததும் சரி. பிறகு மெயின் ஜெற்றை, அதுதான் பெற்றோலை அளந்து விடுற ஓட்டையுள்ள துண்டை, சின்னதாக்கினவை. அதிலதான் எனக்கு மனம் ஒப்பேல்லை. மெயின் ஜெற் வேலை செய்யிறது அக்சிலேற்றர் பிடியை முக்கால்வாசிக்கு மேல முறுக்கினாத்தான். என்ர வண்டி முறுக்காமல் நிக்கிற ஐடிலிங்கிலயே தொண்டை அடைச்ச மாதிரிக் குமுறினது. காலமை குளிரில நல்லா ஓடும், சூடாக ஆகத்தான் மோசம். கடைசியாத்தான் காபரேற்றரை எறியச் சொன்னவை. கராஜ் வைச்சிருக்கிற ஆரும் இதை வாசிச்சாக் கோவிக்க வேண்டாம், எல்லாரையும் சொல்லேல்லை. ஒருநாளைக்குப் பத்து வண்டி வாற இடத்தில ஒண்டோட மினக்கெட அவைக்கு நேரம் இல்லை. எனக்கு ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

காபரேற்றரைக் கழட்ட முதல், எஞ்சினுக்குள்ள நெருப்புப் பொறி போடுற ரெண்டு பிளக்கையும் கழட்டிப் பாருங்கோ. சிடி 125இல சிலிண்டர் ரெண்டு, காபரேற்றர் ஒண்டு. ரெண்டும் ஒரேமாதிரி, துடைச்சாக் கையில ஒட்டுற காய்ஞ்ச கரியா இருந்தாப் பெற்றோல் கூடத்தான். ஒண்டு மட்டும் கறுப்பெண்டா அந்தப் பக்கத்துப் பிளக், வயர், பிஸ்ரன் றிங் எண்டு தேடுங்கோ, காபரேற்றரில குற்றமில்லை. ஈரமா, எண்ணெய்ப்பசையாக் கறுத்திருந்தா அது எஞ்சின் ஒயில் எரியிறது. நெருப்புப் பலவீனமெண்டாலும் பிளக் கறுக்கும் எண்டு ஆரும் வந்து சொல்லுவினம், அது உண்மைதான், நான் மறுக்கேல்லை. நுவரெலியாவில இருக்கிற ஆளெண்டா உயரத்தில காத்து மெல்லிசு, அதால றிச் எண்டும் சொல்லலாம். யாழ்ப்பாணத்தில அந்தச் சாட்டு இல்லை.

அடுத்தது எவ்வளவு முறுக்கேக்க கரைச்சல் எண்டு பாக்கிறது. பிடியில வெள்ளை ரேப் ஒட்டிக் கால், அரை, முக்கால் எண்டு கோடு போட்டு ஓடிப் பாருங்கோ. ஐடிலிங்கில மட்டுமெண்டா பைலட் ஜெற், அதுதான் ஐடிலிங்குக்குப் பெற்றோல் விடுற சின்ன ஜெற். காலுக்கும் முக்காலுக்கும் இடையில எண்டா முறுக்க முறுக்க மேல எழும்பிற ஊசியும் அது இறங்கிற துவாரமும். முழுக்க முறுக்கினா மட்டுமெண்டா மெயின் ஜெற். எல்லா இடத்திலயும் எண்டா ஒரு ஜெற் மட்டும் காரணமில்லை, அனேகமாக் காபரேற்றரின்ர கீழ்த் தொட்டியில பெற்றோல் மட்டம் உயர்ந்துபோச்சு. என்ரயில எல்லா இடத்திலயும்.

இன்னொரு அடையாளமும் இருந்தது. எஞ்சின் ஒயில் மட்டம் பாக்கிற டிப் குச்சியை இழுத்து மணந்து பாத்தன், எஞ்சின் ஒயில் பெற்றோல் மணந்தது, மட்டமும் ஏறியிருந்தது. நிப்பாட்டின வண்டியில பெற்றோல் வழிஞ்சு உள்ள இறங்கியிருக்கு. அந்த ஒயிலோட ஓடினா எஞ்சினே போயிடும். எண்ணெய் மணத்தைப் பிடிக்க எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. 2014, 2015இல எங்கட பக்கத்துக் கிணறுகளில எண்ணெய் மிதந்தது. வாளியில அள்ளினாத் தண்ணிக்கு மேல வானவில் மாதிரிப் படை. எங்கட சுண்ணாம்புக்கல்லு நிலம், மேல ஊத்தினது கீழ போகாமல் எங்க போறது? கைக்குழந்தையைக் குளிப்பாட்ட பவுசர் தண்ணிக்கு வாளியோட வரிசையில நிண்டனாங்கள். குடிக்கலாம், குடிக்கக்கூடாது எண்டு ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரிச் சொல்லிச்சினம். ஒருத்தரும் எங்கட வீட்டுக் கிணத்தை வந்து மணந்து பாக்கேல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைத்தான், ஆனா அந்த மணத்தை நினைச்சா எழுதாமல் இருக்கேலாது.

விறாந்தையில பேப்பர் விரிச்சுத் தொட்டியைக் கழட்டினன். என்ரயில பித்தளை மிதவை. பெற்றோல் ஏற ஏற அது மிதந்து, சின்ன ஊசி ஒண்டைத் தள்ளி வாற வழியை மூடோணும். மிதவையைக் காதுக்குக் கிட்டப் பிடிச்சுக் குலுக்கினன். உள்ள "களக்" எண்டு கேட்டது. பெற்றோல் போய்ப் பாரமான மிதவை எப்பிடி மிதக்கும்? அடுப்பெல்லாம் நூத்துப்போட்டு, ஒரு கோப்பை சுடுதண்ணியை முத்தத்துக்குக் கொண்டுவந்து அதுக்குள்ள அமத்திப் பிடிச்சன். விளிம்புப் பொருத்தில ஒரு இடத்தில இருந்து குண்டூசித் தலையளவு குமிழியள் வரிசையா ஏறினது. மூண்டு மாசக் கரைச்சல், அந்த ஒரு ஓட்டை.

உள்ள இருந்த பெற்றோலை முழுக்க எடுத்து, ரெண்டு நாள் காயவிட்டுத்தான் றேடியோ திருத்திற அண்ணையிட்டக் குடுத்தன். பெற்றோல் இருக்கேக்க சூடு காட்டினா வெடிக்கும், இதில விளையாடாதேங்கோ. ஈயம் கூட வைச்சா மிதவை திரும்பப் பாரமாகும், மட்டம் திரும்ப ஏறும். அதால முன்னும் பின்னும் நகைக்கடைத் தராசில நிறுத்தனான். அரைக் கிராம்கூடக் கூடேல்லை. பிறகு தொட்டியடி வடிகால் முனையில சேலைன் ரியூப் ஒண்டைப் பூட்டி, மேல வளைச்சுப் பிடிச்சு மட்டம் பாத்தன். தொட்டி பொருந்திற விளிம்புக்குக் கீழ நிண்டது. அப்பா பெற்றோல் துளி விட்ட அதே வகை ரியூப்தான்.

ஐடிலிங் பெரும்பாலும் சரிவந்திட்டுது. கால், அரை முறுக்கில கொஞ்சம் கனம் மிஞ்சினது. முறுக்கேக்க எழும்பிற அந்த ஊசியின்ர கிளிப்பை ஒரு காடி மேல ஏத்தினா ஊசி இறங்கும், பெற்றோல் குறையும். ஏத்திப் பாத்தன், பாதிதான் சரி. ஊசியை வெளிச்சத்தில பிடிச்சா ஒரு பக்கம் தேஞ்சு பளபளத்தது, அது இறங்கிற துவாரமும் வட்டமாயில்லை. ரெண்டையும் சோடியா வாங்கிப் போட்டன். பைலட் ஜெற்றும் மாத்தவேண்டி வந்தது, அந்த நாளில அடைச்ச நேரமெல்லாம் கம்பியால குத்திக் குத்தி ஓட்டை பெருத்திருந்தது. நீங்கள் கம்பி விடாதேங்கோ, காத்தடிச்சாக் காணும். எஞ்சின் ஒயிலையும் மாத்தினன். இப்ப 38 ஓடுது, பிளக் ரெண்டும் பிஸ்கற் நிறம்.

புதுக் காபரேற்றரே கூடாது எண்டு சொல்லேல்லை, சிலருக்கு அது சரிவந்திருக்கலாம். ஆனா வேற எஞ்சினுக்கு அளவெடுத்த ஜெற்றோட வந்தா நீங்கள் திரும்பவும் இதே கேள்வியோடதான் வருவியள். ஆசைப்பட்டு மாத்தினாலும் கழட்டினதைக் கராஜில விட்டுட்டு வராதேங்கோ, கேட்டு வாங்கி வீட்ட கொண்டுவந்து, அந்த மிதவையை ஒருக்காக் காதில வைச்சுக் குலுக்கிப் பாருங்கோ.