ஞாயிறே வாரம் முழுவதற்கும் சமைத்து வைக்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பள்ளி போகும் பிள்ளைகள் இரண்டு பேர், கூடவே மாமியார். வீடு திரும்ப ஏழரை ஆகிவிடுவதால் வாரத்தில் மூன்று ராத்திரியாவது ஆப்பில் ஆர்டர் போடுகிறோம். பணம் கையில் நிற்கவே மாட்டேன் என்கிறது. வீடியோக்களில் காட்டுவதுபோல ஞாயிறே எல்லாவற்றையும் சமைத்து டப்பா டப்பாவாக ஃப்ரிட்ஜில் அடுக்கலாமா? மாமியார் கூடவே கூடாது என்கிறார். எங்கள் குடியிருப்பில் ஒருவர், வார மெனுவும் அதற்கு அளந்த சாமானும் வீட்டுக்கே வரும் என்று சொல்லி ஆண்டுச் சந்தா கேட்கிறார். சேரலாமா?
— வாசகி, தாம்பரம்

பதில்: சேராதீர்கள். அதை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் ஒரு வருடப் பணத்தை முன்னாடியே வாங்கிக்கொண்டவருக்கு மூன்றாம் மாதத்தில் உங்கள் தக்காளி எப்படி இருக்கிறது என்ற கவலை இருக்காது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், நீங்கள் ஊருக்குப் போனாலும் மெனு பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். மாதச் சந்தா தருகிறாரா, வேண்டாத வாரத்துக்குப் பணம் கழிப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். பேச்சை மாற்றினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மாமியார் சொல்வதில் பாதி சரி. சமைத்து அடுக்க வேண்டாம். சமையலுக்கு முந்தைய வேலையை முடித்து அடுக்குங்கள். நேரத்தைத் தின்பது அடுப்பு இல்லை. பூண்டு உரிப்பதும், புளி கரைப்பதும், ஏழரை மணிக்குச் செருப்பைக் கழற்றும்போதே "இன்னைக்கு என்ன பண்றது" என்று யோசிப்பதும்தான். அந்த யோசனையில்தான் கை போனுக்குப் போகிறது.

அதனால் வாரத்துக்கு இருபத்தோரு வேளை என்று பெரிய அட்டவணை போடாதீர்கள். ஐந்து ராத்திரிகளுக்கு மட்டும் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். திங்கள் இட்லி, செவ்வாய் தோசை, புதன் மாவு லேசாகப் புளித்திருக்கும், வெங்காயம் போட்டு ஊத்தப்பம். வியாழன் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும். வெள்ளி குக்கரில் சோறு வைத்து, புளிக்காய்ச்சலைப் போட்டுக் கிளறி, அப்பளம். ஞாயிற்றுக்கிழமை வேலை இவ்வளவுதான்: மாவு, தொக்கு, புளிக்காய்ச்சல், உரித்த சின்ன வெங்காயமும் பூண்டும். காயில் கீரை, வெண்டை, கத்தரியை வாரத்தின் முதல் பாதியில் தீர்த்துவிடுங்கள். கேரட், முட்டைக்கோஸ், பூசணி பொறுத்திருக்கும். தேங்காய் அரைத்துவிட்ட எதையும் அன்றே முடித்துவிட வேண்டும். மீன், கறி பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் தொடவில்லை.

மாவை வீட்டிலேயே அரையுங்கள். ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டால் இரண்டரை கிலோவுக்குக் குறையாமல் மாவு வரும். கடையில் ஒரு கிலோ பாக்கெட்டுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

சோற்றை மட்டும் முன்கூட்டி வடித்து வைக்காதீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், யாரும் காதில் வாங்குவதில்லை. அரிசியில் இருக்கும் ஒரு வகை பாக்டீரியாவின் வித்து, கொதித்தாலும் சாவதில்லை. வடித்த சோறு மேடையில் வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அது முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்குகிறது. அந்த நஞ்சு, மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. ராத்திரி மீந்த சோற்றைக் காலையில் தாளித்துப் பிள்ளைகளின் டப்பாவில் எலுமிச்சை சாதம் என்று கொடுத்துவிடும் வீடுகளில்தான் மதியம் வாந்தி வருகிறது. மீந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள், மறுநாளே தீர்த்துவிடுங்கள். அப்படியானால் பழைய சோறு? மாமியார் கட்டாயம் கேட்பார். அது தண்ணீரில் மூழ்கிப் புளிக்கிறது, புளிப்பு ஏற ஏற மற்றக் கிருமிகளுக்கு இடமில்லாமல் போகிறது. அன்று வடித்த சோற்றில் அன்று ராத்திரியே தண்ணீர் ஊற்றி, காலையில் குடித்துவிட்டால் சரி. இரண்டு நாள் கிடந்த சோற்றில் தண்ணீர் ஊற்றுவது பழைய சோறு ஆகாது. எப்படியும் குக்கரில் இருபது நிமிடத்தில் ஆகிற சோற்றுக்கு இந்த வம்பு எதற்கு?

இனி பணம். அது அடுப்பில் போவதைவிடக் கல்லாவில்தான் அதிகம் போகிறது. இன்று ராத்திரி உங்கள் வீட்டு எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம் இருக்கும். அதே உயரம், அதே படம் போட்ட பாக்கெட்டில் 800 கிராம் என்றோ 850 மில்லி என்றோ பொடி எழுத்தில் போட்டிருந்தால் நீங்கள் லிட்டர் வாங்கவில்லை. "சலுகை" என்ற எழுத்து மட்டும் ஒரு விரல் உயரத்துக்கு இருக்கும். இன்ன அளவில்தான் அடைக்க வேண்டும் என்றிருந்த அரசுப் பட்டியலை 2022இல் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக, கிராமுக்கோ கிலோவுக்கோ என்ன விலை என்று பாக்கெட்டிலேயே அச்சிடச் சொன்னார்கள். அச்சிடுகிறார்கள், பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிற அளவில். பாக்கெட்டின் மொத்த விலையைப் பார்க்காமல், அளவுக்கு இவ்வளவு என்று போட்டிருக்கும் அந்த விலையைப் பாருங்கள்.

அரிசியிலும் ஒரு கூத்து. 2022 ஜூலையில் 25 கிலோ வரையுள்ள மூட்டைக்கு ஐந்து சதவீத ஜிஎஸ்டி வந்தது. உடனே 26 கிலோ மூட்டை வந்துவிட்டது. ஒரு கிலோ கூட்டினால் காணாமல் போகிற வரியை யோசித்துப் போட்டவர்களை என்ன சொல்ல! வரி மிச்சம் என்று கடைக்காரர் இரண்டு மூட்டையை உங்கள் தலையில் கட்டுவார். ஒன்று போதும், இரண்டாவதை வண்டுதான் தின்னும்.

ரேஷன் அட்டை இருந்தால் மறக்காதீர்கள்: துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வேலைக்குப் போகிறவர்கள் அந்தக் கடை திறந்திருக்கும் நேரத்தில் எப்படிப் போவது என்று இத்தனை வருடத்தில் யாருக்கும் தோன்றவில்லை. போனாலும் "பருப்பு இன்னும் வரலை" என்பார்கள். மாமியாரின் பெயர் அட்டையில் இருந்தால் அவரையே போகச் சொல்லுங்கள். வாங்காத பொருளை வாங்கியதாக போனுக்குக் குறுஞ்செய்தி வந்தால் அன்றே கேளுங்கள்.

ஆர்டரை அடியோடு நிறுத்த வேண்டாம். சனி ராத்திரி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை எழுந்ததும் உளுந்தையும் அரிசியையும் ஊறப்போட்டுவிட்டு, பதினொரு மணி வாக்கில் கிரைண்டரை ஓட்டினால் திங்கள் ராத்திரி இட்லிக்கு மாவு தயார்.