ட்ரிப் அடிக்கிற கரண்ட் அடுப்பின் ஏர்த் வயரைக் கழற்றிவிடலாமா?

கேள்வி கேட்ட தங்கச்சி விசுவமடுப் பக்கம் இருக்கிறா. லண்டனிலிருந்து அக்கா அனுப்பிய கரண்ட் அடுப்பு, மேலே நாலு தட்டு, கீழே அவண். பெட்டியோடு ஒரு மாரி முழுக்கக் கிடந்துவிட்டு இப்போதுதான் பூட்டியிருக்கிறார்கள். அவணைப் போட்டதும் வீட்டு ட்ரிப் சுவிச் விழுகிறதாம். ஏர்த் வயரைக் கழற்றிவிட்டால் விழாது என்று பூட்ட வந்தவர் சொன்னாராம். கழற்றலாமா, இந்த அடுப்பை எப்படிப் பாவித்துப் பராமரிக்கிறது என்று கேட்டிருக்கிறா.

கழற்ற வேண்டாம், தங்கச்சி. மிச்சத்தை வாசிக்க நேரமில்லாவிட்டாலும் இந்த ஒன்றைக் கேளுங்கள். ட்ரிப் விழுகிறது என்றால் உங்கள் அடுப்பில் எங்கேயோ கரண்ட் கசிகிறது என்று அர்த்தம். கசிவைக் கண்டுபிடித்து நிறுத்த வேண்டுமே தவிர, சொல்கிறவன் வாயைக் கட்டக்கூடாது.

நான் புதுக்குடியிருப்பில் வீட்டில் இருந்தபடி கேக்கும் பணிசும் செய்து கடைகளுக்குக் கொடுக்கிறேன். என் அண்ணாவின் மகன் வயறிங் வேலை செய்கிறவர். என் குசினியைப் பூட்டித் தந்ததும் அவர்தான், இங்கே எழுதுகிற கணக்குகளை எனக்கு விளங்கப்படுத்தியதும் அவர்தான்.

இலங்கையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஏர்த் அந்தந்த வீட்டு வளவில்தான் இருக்கிறது. மண்ணுக்குள் அடித்த ஒரு கம்பி, அவ்வளவுதான். வன்னி மண் வைகாசியிலிருந்து புரட்டாதி வரைக்கும் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காய்ந்த மண்ணுக்குள் கரண்ட் இலேசாகப் போகாது. அந்தக் கம்பியின் எதிர்ப்பு 100 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பின் தகரத்தில் லைன் வயர், அதாவது கரண்ட் கொண்டுவருகிற வயர், முட்டிவிட்டது. வீட்டுக்கு வருகிற 230 வோல்ற்றை 100ஆல் பிரித்தால் 2.3 அம்பியர். கரண்ட் அளவுக்கு மிஞ்சினால் வெட்டுவதற்கு அடுப்புக்குப் போட்டிருக்கிற 32 அம்பியர் பிரேக்கருக்கு 2.3 அம்பியர் ஒரு மிக்சி ஓடுகிற மாதிரி, அது விழவே விழாது. அடுப்பின் உடம்பு முழுக்கக் கரண்ட் நிற்கும், நீங்கள் ஈரக்கையோடு அவண் கதவைத் திறப்பீர்கள்.

அந்த இடத்தில் உங்களைக் காப்பாற்றுவது ட்ரிப் சுவிச் மட்டும்தான். லைனில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி அம்பியர் வித்தியாசம் வந்தால் வெட்டிவிடும். ஒரு அம்பியரில் நூறில் மூன்று பங்கு. ஏர்த் வயர் இருந்தால் கசிகிற கரண்ட் அதன் வழியாக மண்ணுக்குப் போகும், ஆள் தொட முதலே ட்ரிப் விழும். ஏர்த்தைக் கழற்றினால் கசிவு போக வழியில்லாமல் தகரத்திலேயே காத்திருக்கும். அப்போதும் ட்ரிப் விழும்தான், ஆனால் நீங்கள் தொட்ட பிறகு, உங்கள் உடம்பால் கரண்ட் போன பிறகு. சில வீடுகளில் "அடிக்கடி விழுகுது" என்று ட்ரிப் சுவிச்சையும் சேர்த்து விலக்கி நேரே வயர் கொடுத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு நித்திரை வராது.

சரி, புது அடுப்பு ஏன் கசிகிறது? பெரும்பாலும் ஈரம்தான். அவணுக்குள் இருக்கிற கொயில் ஒரு உலோகக் குழாய். நடுவில் சூடாகிற கம்பி ஓடும், கம்பி குழாயில் முட்டாமல் சுற்றிவர மக்னீசியம் ஒக்சைட் என்ற வெள்ளைத் தூளை இறுக்கி அடைத்திருப்பார்கள். அந்தத் தூள் உப்பு மாதிரி, காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். தினமும் சூடாக்குகிற அடுப்பில் ஈரம் தங்காது. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரைக்கும் பெட்டிக்குள் கிடந்த அடுப்பில் தாராளமாகத் தங்கும். என் அவணும் அம்மா இறந்த வருடம் மூன்று மாதம் பாவிக்காமல் கிடந்து இதே மாதிரி விழுந்தது.

செய்ய வேண்டியது இதுதான். சுவர் சுவிச்சையும் மெயினில் அடுப்புக்குரிய பிரேக்கரையும் நிறுத்திவிட்டு, அவண் கதவைத் திறந்து, வெயில் படுகிற விறாந்தையில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். பிறகு வயறிங் தெரிந்த ஒருவரை, மெகர் என்கிற கருவி வைத்திருக்கிறவரைக் கூப்பிடுங்கள். லைனில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கிற சின்ன டெஸ்டர் இதற்குப் போதாது. மெகர் 500 வோல்ற் கொடுத்துக் கொயிலுக்கும் தகரத்துக்கும் இடையில் கசிவைப் பார்க்கும். ஒரு மெகா ஓமுக்கு மேலே காட்டினால் பயமில்லை. காட்டாவிட்டால் அந்தக் கொயிலை மாற்ற வேண்டும். முழு அடுப்பும் பழுது என்று யாரும் சொன்னால் நம்பவேண்டாம். கரண்ட் கொடுத்த பிறகு அவணைக் குறைந்த சூட்டில் ஒரு மணித்தியாலம் வெறுமனே ஓடவிடுங்கள். உங்களுக்கு அவணைப் போடும்போது மட்டும் விழுகிறது என்பது நல்ல அடையாளம், தட்டுகளும் வயரும் சரியென்று காட்டுகிறது. பின்பக்கம் எலி கடித்த வயர் என்றால் பெரும்பாலும் அவணைப் போடாமலே விழும்.

அந்த வயறிங்காரர் வந்த கையோடு, வீட்டு வயறிங் இந்த அடுப்பைத் தாங்குமா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீடு, யுத்தத்துக்குப் பிறகு இந்திய அரசு காசு கொடுத்த இந்திய வீட்டுத் திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபாய்க்குக் கட்டியது. அந்தக் காசுக்குள் சுவரும் கூரையும் எழும்பியதே பெரிய காரியம், வயறிங் பிறகு கைக்காசில் செய்தோம், நாலு பல்ப், இரண்டு காற்றாடி, மூன்று பிளக் என்று நினைத்துத்தான் செய்தோம். நாலு தட்டும் அவணும் ஒன்றாக ஓடினால் 7,000 வோற்றுக்கு மேலே இழுக்கும். மின்சார சபை சாதாரண வீட்டுக்குத் தருவது 30 அம்பியர் இணைப்பு, 230ஆல் பெருக்கினால் 6,900 வோற். வீட்டில் மோட்டரும் அயன்பெட்டியும் வேறு இருக்கும். ஆகவே எல்லாத் தட்டையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். நான் அவண் ஓடும்போது ஒரு தட்டுக்கு மேல் போடுவதில்லை.

இந்த அடுப்பை 13 அம்பியர் பிளக்கில் குத்தவே கூடாது. அந்தப் பிளக் 3,000 வோற்றுக்குத்தான். மெயின் பெட்டியிலிருந்து அடுப்புக்கென்று தனியாக 6 சதுர மில்லிமீற்றர் வயர், தனியாக ஒரு பிரேக்கர், கைக்கு எட்டுகிற இடத்தில் லைனையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டுகிற சுவர் சுவிச். அந்தச் சுவிச் அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம், எண்ணெய் பற்றினால் நெருப்புக்கு மேலால் கை நீட்ட முடியாது. பக்கத்தில் வையுங்கள். ஏர்த் கம்பியைக் குளிக்கிற தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடுகிற பக்கம் அடித்தால் கோடையிலும் மண் ஈரமாக இருக்கும்.

(கனடாவிலிருந்து அடுப்பு அனுப்ப நினைக்கிறவர்கள் இதை வாசித்தால்: அங்கே 240 வோல்ற் இரண்டு 120ஆகப் பிரிந்து வீட்டுக்கு வருகிறது. பெரும்பாலான அடுப்புகளில் கொயில்கள் 240இலும் விளக்கும் மணிக்கூடும் 120இலும் ஓடும். இங்கே கொண்டுவந்து பூட்டினால் அவை எரிந்துபோகும். அனுப்ப வேண்டாம். லண்டன் அடுப்புக்கு அந்தப் பிரச்சினை இல்லை.)

இனி, என்னை உண்மையில் பயப்படுத்திய விஷயம். 1990க்குப் பிறகு யுத்தம் முடியும் வரைக்கும் வன்னியின் பெரும்பகுதியில் மின்சார சபையின் கரண்ட் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம், சைக்கிளைத் திருப்பிப்போட்டு டைனமோ சுற்றி ரேடியோ கேட்டோம். என் வயதுக்காரருக்கு நெருப்பென்றால் கண்ணுக்குத் தெரிகிற நெருப்பு. விறகு புகையும், மண்ணெண்ணெய் மணக்கும், காஸ் நீலமாக எரியும். கரண்ட் அடுப்பின் இரும்புத் தட்டு 300 பாகையிலும் அதே கறுப்புத்தான்.

2022 பங்குனி. காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, கரண்டும் மாத முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள். தேத்தண்ணிக்குத் தட்டில் கேத்தில் வைத்தேன், கரண்ட் போய்விட்டது. கேத்திலைத் தூக்கிக்கொண்டு வெளியில் விறகடுப்புக்குப் போனேன். தட்டின் குமிழைத் திருப்பவில்லை. கரண்ட் இல்லாதபோது அது நினைவிலேயே வராது. மாமி கழுவின கோப்பைகளைப் பிளாஸ்டிக் பேசினோடு அந்த ஆறின தட்டில் வைத்தா. அவ வைத்ததில் பிழையே இல்லை, அவவுக்கு அது ஒரு மேசை. நாங்கள் எல்லாரும் கச்சான் தோட்டத்துக்குப் போய்விட்டோம். கரண்ட் வந்தது எங்களுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை யன்னலால் கறுப்புப் புகை வருவதைக் கண்டு கத்திக்கொண்டு ஓடிவந்தான். கூரை பிடிக்கவில்லை. சுவர் இன்னமும் கறுப்பு.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கரண்ட் போனால் முதல் வேலை அடுப்பின் சுவர் சுவிச்சை நிறுத்துவது. டோர்ச் தேடுவது அதற்குப் பிறகுதான். சின்னவளுக்கும் பழக்கியிருக்கிறேன். சமைத்து முடித்ததும் அதே சுவிச். இடி மின்னல் நாட்களிலும் அதே சுவிச். தட்டுக்கு மேல் எதையும் வைப்பதில்லை, துணி, மூடி, அப்பளப் பெட்டி எதுவுமில்லை.

பராமரிப்பு பெரிய வேலையில்லை. சூடான தட்டில் தண்ணீர் ஊற்றாதீர்கள், இரும்பு வெடிக்கும். சோறு பொங்கி ஊற்றினால் ஆறவிட்டு நன்றாகப் பிழிந்த துணியால் துடையுங்கள். உப்புத் தண்ணீர் தட்டில் காய்ந்தால் கறள் பிடிக்கும், ஆகவே துடைத்ததும் ஒரு நிமிடம் சூடாக்கிக் காயவிட்டு, துணியில் தொட்ட ஒரு துளி எண்ணெயைப் பூசுங்கள். புதுத் தட்டை முதல் தடவை சட்டி இல்லாமல் நாலைந்து நிமிடம் சூடாக்க வேண்டும், மேற்பூச்சு எரிந்து புகை வரும், பயப்பட வேண்டாம், யன்னலைத் திறந்துவிடுங்கள். அவணுக்குள் பிசுக்கிருந்தால் அப்பச்சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசி இரவு விட்டுத் துடையுங்கள், கொயிலில் பூசாதீர்கள். துடைக்கிற நேரத்தில் சுவர் சுவிச் நிறுத்தியிருக்க வேண்டும். கழுவின ஈர நிலத்தில் வெறுங்காலோடு நின்று அடுப்பைத் தொடாதீர்கள். நான் குசினிக்கென்று ஒரு றப்பர்ச் செருப்பு வைத்திருக்கிறேன்.

மாதம் ஒருக்கால் ட்ரிப் சுவிச்சில் இருக்கிற டெஸ்ட் பட்டனை அமத்துங்கள். டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் அன்றைக்கே மாற்றுங்கள். வருடம் ஒருமுறை, மாரிக்கு முதல், அடுப்பின் பின்பக்க மூடியைக் கழற்றி வயர் பூட்டின ஆணிகளை இறுக்கச் சொல்லுங்கள். சூடாகி ஆறி, சூடாகி ஆறி அந்த ஆணிகள் இளகும், இளகின இடம் கருகும். கருகின பிளாஸ்டிக் மணத்தாலோ சுவர் சுவிச் கைக்குச் சுட்டாலோ ஒரு வருடம் காத்திருக்க வேண்டாம்.

எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றக்கூடாது, தாச்சியைத் தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது. சுவர் சுவிச்சை நிறுத்தி, பெரிய மூடியால் மூடிவிட்டு ஆறும் மட்டும் திறக்காதீர்கள்.

பின்னேரம் சோறு அவியப் பிந்துகிறது என்று பிறகு வந்து எழுதுவீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். லைன் கடைசியில் இருக்கிற வீடுகளுக்கு வோல்ற்றேஜ் குறையும். 230க்குப் பதில் 200 வந்தால் சூடு முக்கால் பங்குதான் கிடைக்கும். அடுப்பில் பழுதில்லை.

பில்லைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் முதல் மாதம் அதிர்ச்சி வரும். 2,000 வோற் தட்டு அரை மணித்தியாலம் முழுச் சூட்டில் ஓடினால் ஒரு யூனிற். மாதம் 60 யூனிற்றைத் தாண்டினால் முதல் யூனிற்றிலிருந்தே விலை வேறு. அடி தட்டையான, தட்டின் அகலத்துக்குச் சரியான சட்டி வாங்குங்கள், மூடி போட்டு அவியுங்கள், பருப்பு வேக ஐந்து நிமிடத்துக்கு முதலே நிறுத்துங்கள், தட்டில் இருக்கிற சூட்டில் மிச்சம் வெந்துவிடும். குழிந்த தாச்சி நடுவில் மட்டும்தான் முட்டும், கரண்ட் வீண். மண்சட்டியை இந்தத் தட்டில் வைக்கவே வேண்டாம், என்னுடையது இரண்டு வெடித்தது. மீன்குழம்புக்கு நான் இப்போதும் வெளியில் விறகடுப்பைத்தான் மூட்டுகிறேன்.